இறந்தார் கடனும் இருந்தார் உரிமையும்

முன்னுரை

ஒருவர் இறந்துபட்ட பின்னர் அவர்தம் சுற்றத்தார் செய்தற்குரிய செயல்கள் இவை என்பதை ஒவ்வொரு சமுதாயமும் வரையறுத்து வைத்துள்ளது. தமிழர் வரையறை தொல்காப்பியக் காலந்தொட்டு நூல்களிலும், கல்லிலும், தாழியிலும், பிற்காலத்தே அரசாங்கப் பதிவேட்டிலும் காணக்கிடக்கின்றது. இவற்றுள் முன்னவற்றை இலக்கிய ஆராய்ச்சியாளரும் தொல்பொருளாய்வாளரும் விரிவாக ஆய்ந்துள்ளனர். பதிவேட்டையோ வழக்கறிஞர்க்கும் அலுவலகத்தார்க்கும் உரியதென ஒதுக்கிவிட்டனர். அது பொருந்தாது. சடங்கும் பதிவும் ஒரே கடமையின் இரு கூறுகள் என்பதும், அவை தம்முள் பிரிந்து நின்றமையால் உரிமை இழந்தோர் பெரும்பாலும் பெண்டிரே என்பதும் இக்கட்டுரையாற் காட்டப்படும்.

ஆய்வுக்குரிய களமாகத் திருவேங்கடம் வட்டாரம் கொள்ளப்படுகின்றது. தமிழகத்தின் வடவெல்லையாகிய வேங்கடத்தின் பெயரைத் தாங்கிய இத்தென்னாட்டு ஊர், சங்கரன்கோயில் வட்டத்திலிருந்து பிரிக்கப்பெற்ற தனி வட்டத்தின் தலைமையிடம். 2019-ஆம் ஆண்டு திருநெல்வேலி மாவட்டத்தினின்றும் பிரிந்த தென்காசி மாவட்டத்தைச் சார்ந்தது. கரிசல் நிலம், வானம் பார்த்த புன்செய் வேளாண்மை மிக்க பகுதி. நிலம் சிறிதாயினும் அதுவே குடும்பத்தின் முதல். ஆதலின் குடும்பத் தலைவன் இறப்பு இங்கே துயரத்தோடு நில உரிமை பற்றிய கேள்வியையும் உடன்கொண்டு வருகின்றது.

கடமையின் மூன்று கூறுகள்

இறப்பின்பின் ஆற்றும் செயல்களை ஆராய்வார்க்கு அவை மூவகைப்படும் என்பது புலனாகும். உடலுக்குச் செய்வன ஒருவகை. இறந்தாரை நினைந்து செய்யும் படையலும் நீர்க்கடனும் மற்றொருவகை. இறந்தார் விட்டுச்சென்ற பொறுப்பையும் பொருளையும் இருந்தார் ஏற்றுக்கொள்ளுதல் மூன்றாம் வகை. முதலிரண்டும் பலரறிந்தவை. மூன்றாவது, சடங்கினுள் மறைந்து கிடத்தலின் போதிய அளவு கருதப்படவில்லை.

திருநெல்வேலிச் சீமையின் வழக்காறுகளை இவ்வகையில் வைத்து நோக்கலாம். இறப்புச் செய்தி கேட்டு உறவினர் வருதலைத் ‘துட்டி கேட்டல்’ என்பர். உடலைக் குளிப்பாட்டுதற்கு நீர் கொணர்தல் ‘நீர்மாலை எடுத்தல்’ எனப்படும். உறவின் முறைமைக்கேற்பக் கோடி போடுதல், பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தல், வாய்க்கரிசி இடுதல், கொள்ளிக்குடம் உடைத்தல் ஆகியன தொடரும். இவை யாவும் உடலைச் சார்ந்தன. அடுத்து வரும் காடாற்றும், பதினாறாம் நாள் கருமாதியும் நினைவைச் சார்ந்தன. கருமாதி நாளன்றே ‘உருமாக் கட்டு’ என்றொரு நிகழ்ச்சி உண்டு. மாமன் மைத்துனர் முறையுடையார், இறந்தவர் மகனுக்குத் தலைப்பாகை கட்டி அவனை ஊரார் முன் அமர்த்துவர். சாதிதோறும் ஊர்தோறும் இம்முறைகளில் வேறுபாடு உண்டெனினும், குடும்பத் தலைமை கைமாறியதை ஊரறிய உணர்த்துவதே உருமாக்கட்டின் கருத்து என்பதில் ஐயமில்லை. எழுத்தறிவு பரவாத காலத்தில் இதனை ஒருவகைப் பெயர்மாற்றம் எனலாம். ஊரார் கண்களே அதற்குச் சான்று.

இலக்கியச் சான்றுகள்

தொல்காப்பியர் புறத்திணையியலிற் காஞ்சித்திணையின் துறைகளைக் கூறுமிடத்து, இழப்பின் பல நிலைகளை வேறுபடுத்திப் பெயரிட்டார். கணவனை இழந்தாள் நோற்கும் நிலையைத் தாபதநிலை என்றும், மனைவியை இழந்தான் தனிமையைத் தபுதாரநிலை என்றும், சார்ந்தோர் செயலற்று வருந்துதலைக் கையறுநிலை என்றும், சுடலையைப் பாடுதலைக் காடுவாழ்த்து என்றும் வகுத்தமை காணலாம். வெட்சித்திணையில், வீழ்ந்துபட்ட வீரனுக்குக் கல் எடுத்தலைக் காட்சி முதலாக வாழ்த்தல் ஈறாக ஆறு படிகளாக முறைப்படுத்தினார். கல்லைத் தேர்தலும், நீர்ப்படுத்தலும், நாட்டுதலும், படைத்தலும் ஒழுங்குபெற்ற செயல்முறையாக அக்காலத்தேயே அமைந்திருந்தன என்பது இதனாற் போதரும். கல்லை நீர்ப்படுத்தலையும் இக்கால நீர்மாலையையும் ஒன்றெனத் துணிதற்குச் சான்றில்லை, எனினும் ஒப்புநோக்குதற்குரியன.

உடலை அடக்கும் முறைகள் பலவாக இருந்தன. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, சுடுதல், வாளா இட்டுவிடுதல், குழிதோண்டிப் புதைத்தல், தாழ்ந்த இடத்து அடைத்தல், தாழியிற் கவித்தல் என ஐந்து முறைகளை ஒருங்கே சுட்டுகின்றது. புறநானூற்றின் 228-ஆம் பாட்டு, கிள்ளிவளவனுக்குத் தகுந்த தாழி வனையக் குயவனால் இயலுமோ என வினவுகின்றது. 256-ஆம் பாட்டிலே கணவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாக வனையுமாறு குயவனை வேண்டுகின்றாள். பொருநையாற்றங்கரை ஆதிச்சநல்லூரில் 1876-இல் யாகோர் என்னும் செருமானியரும், பின்னர் அலெக்சாண்டர் ரீ என்பாரும், 2004-2005-இல் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறையினரும் கண்ட தாழிகள் இப்பாட்டுகளுக்குக் கண்கூடான விளக்கமாயின. சிவகளைத் தாழியொன்றில் கிடைத்த நெல்மணிகளின் காலம் ஏறத்தாழ 3200 ஆண்டுகட்கு முற்பட்டதெனத் தமிழ்நாட்டரசு 2021-இல் அறிவித்தது. இறந்தாரோடு உணவு வைக்கும் வழக்கின் பழமையை அம்மணிகள் உணர்த்துகின்றன.

மூன்றாம் கூறாகிய பொறுப்பேற்றலுக்கும் புறநானூறு சான்று தருகின்றது. பாரி இறந்தபின் கபிலர் செய்தது யாது? புலம்பிப் பாடியதோடு அவர் அமையவில்லை. பாரி மகளிரை உடன்கொண்டு பறம்பினின்றும் நீங்கினார். அவரை மணந்துகொள்ளுமாறு விச்சிக்கோனையும் இருங்கோவேளையும் வேண்டினார் என்பதை 200 முதல் 202 வரையுள்ள பாட்டுகளும் அவற்றின் குறிப்புகளும் காட்டும். அவ்விருவரும் இசைந்திலர். குருதித் தொடர்பில்லாத நண்பர் ஒருவர், இறந்தவன் மக்களுக்குக் காப்பாளராய் நின்ற நிகழ்ச்சி இது. கபிலர் இரந்து நின்ற துன்பத்திற்குக் காரணம், தந்தையை இழந்த மகளிர்க்கு நாடும் இல்லை, நிலமும் இல்லை என்பதே. மூவேந்தர் கவர்ந்தது போக அவர்க்கென எஞ்சியது யாதுமில்லை.

கடன் செய்தார் யார்?

இறந்தார்க்குக் கடனாற்றும் உரிமை மகனுக்கே உண்டென்னும் கருத்து பழமையானதே. புறநானூற்றின் 9-ஆம் பாட்டு, தென்புலத்து வாழ்வார்க்குக் கடன் செய்யும் புதல்வரைப் பெறாதவரையும், போர்க்கு முன்னர் அரண் தேடிக்கொள்ள வேண்டியவருள் ஒருவராக எண்ணுகின்றது. ஆயின், அந்நூலே வேறொரு காட்சியையும் தருகின்றது. 234-ஆம் பாட்டில் வேள் எவ்வியின் மனைவி, பிடியின் அடியளவினதாகிய சிறிய இடத்தை மெழுகிப் புல்லின்மேல் பிண்டம் வைக்கின்றாள். 249-ஆம் பாட்டிலும் கணவனை இழந்தாள் ஒருத்தி, சுளகளவான சிற்றிடத்தைத் தன் கண்ணீராலேயே மெழுகுகின்றாள். ஈரிடத்தும் கடனாற்றுபவள் மனைவி. அவள் செய்தல் தகாதெனப் புலவர் கூறவில்லை. அதனை ஓர் இயல்பான நிகழ்ச்சியாகவே பாடினர்.

இவ்விரு வகைச் சான்றுகளையும் ஒருங்குவைத்து நோக்கின், சங்ககாலத்தே மகன் கடன் செய்தல் விரும்பப்பட்டதேனும், மனைவி செய்தல் விலக்கப்படவில்லை என்பது தெளிவாம். மற்றொன்றும் கருதத்தக்கது. கணவன் இருந்தபோது பலர்க்கு உணவளித்த இல்லத்தின் தலைவி, அவன் இறந்தபின் அல்லியரிசி உண்டு நோற்றமையை 248, 250 ஆகிய பாட்டுகளும் அவற்றை ஒத்த பிறவும் கூறுகின்றன. இதனைக் கற்பின் சிறப்பென்றே பலர் விளக்கினர். நோன்பு என்பது உண்மையே. ஆயினும் கடனாற்றும் கடமை பெண்ணுக்கு இருக்க, இல்லத்தின் வளத்தைத் தொடர்ந்து ஆளும் உரிமை அவளுக்கு இருந்ததாக இப்பாட்டுகள் யாண்டும் கூறாமை நோக்கற்பாலது.

திருவள்ளுவர் இல்வாழ்க்கை அதிகாரத்தில், இல்வாழ்வான் ஓம்புதற்குரிய ஐவருள் தென்புலத்தாரை முதலில் வைத்தார். அதற்கு முந்திய குறளில் அவன் துணையாதற்குரியவருள் இறந்தாரையும் சேர்த்தார். அவ்விடத்துப் பரிமேலழகர், இறந்தார் என்பதற்கு, ஒருவரும் இன்றித் தன்பால் வந்து இறந்தவர் என உரைகண்டார். கடன் உறவினரளவில் நின்றுவிடுவதன்று என்னும் பரந்த நோக்கு அவ்வுரையிற் காணப்படுகின்றது.

கல்லும் பதிவேடும்

நடுகல்லை நினைவுச்சின்னமாகவே கருதுதல் மரபு. அதனை ஒரு பதிவாகவும் கருதலாம். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களிலும், பல்லவர் காலத்துச் செங்கம் பகுதி நடுகற்களிலும், இறந்தவன் பெயரோ, ஊரோ, அவன் பட்ட பூசலோ குறிக்கப்பெற்றுள்ளன. பிற்பட்டவற்றில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் சேர்ந்தன. யார், எவ்விடத்தார், எப்பொழுது, எதனால் இறந்தார் என்னும் நான்கு வினாக்களுக்கு அவை விடை தருகின்றன. இக்கால இறப்புப் பதிவேட்டின் தலையாய வினாக்களும் இவையே. வேறுபாடு ஒன்றே: கல் வீரனுக்கு மட்டும் உரியது, ஏடு அனைவர்க்கும் உரியது.

கல்வெட்டுகளில் ‘உதிரப்பட்டி’ என்றும் ‘நெய்த்தோர்ப்பட்டி’ என்றும் ஒருவகை நிலக்கொடை வழங்கப்படுகின்றது. ஊருக்காகக் குருதி சிந்தி இறந்தவன் குடும்பத்தார்க்கு அளிக்கப்பட்ட நிலம் அது. இறந்தவன் பெயரும் இறந்த காரணமும் எழுத்திற் பதிந்திருத்தல், அவன் வழியினர் அந்நிலத்தைத் துய்த்தற்கு அரணாயிற்று. பதிவும் உரிமையும் இணைந்து நின்ற பழைய நிலைக்கு இஃது எடுத்துக்காட்டு.

ஆங்கிலேயர் ஆட்சியில் இப்பதிவு பொதுமைப்பட்டது. பிறப்பு இறப்புப் பதிவுக்கெனச் சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டு மூன்றாம் சட்டம் இயற்றப்பெற்றது. சிற்றூர்களில் கிராம முன்சீப் ஏட்டை வைத்திருந்தார். விடுதலைக்குப் பின்னர் 1969-இல் நாடு முழுமைக்கும் பொதுவான பதிவுச் சட்டம் வந்தது. பரம்பரை வழியினரும் பகுதிநேர ஊழியருமாய் இருந்த முன்சீப், கர்ணம் முதலியோர் பதவிகளைத் தமிழ்நாட்டரசு 1980 நவம்பரில் ஒழித்தது. அவர்கள் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் அமர்த்தப்பட்டனர். ஏடு அவர் கைக்கு வந்தது. ஊரின் குடும்பங்களைத் தலைமுறையாக அறிந்திருந்தவர்க்கு மாற்றாக, எழுதிக் கொடுத்ததை அறிபவர் வந்தார் எனலாம். ஆதலின் அறிவிக்கும் பொறுப்பு முன்னினும் மிகுதியாகக் குடும்பத்தாரைச் சார்ந்தது.

இறந்த நாளும் உரிமையும்

ஒருவர் சொத்து யார்யாரைச் சாரும் என்பதை, அவர் இறந்த நாளில் நிலவிய சட்டமே முடிவுசெய்கின்றது. இவ்வுண்மையை உணர்ந்தாலன்றிப் பதிவேட்டின் அருமை விளங்காது. இந்துக் குடும்பங்களைப் பொறுத்தவரை இச்சட்டத்தின் வளர்ச்சியைச் சுருங்கக் கூறுவோம்.

1937-ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்கு மகனையொத்த பங்கினை அளித்தது; ஆயின் அவ்வுரிமை வாழ்நாள் அளவிற்றே. வேளாண் நிலத்திற்கு அச்சட்டம் செல்லாது என்ற குறையைச் சென்னை மாகாணச் சட்டமன்றம் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கியது. கரிசற்காட்டுப் பெண்டிர்க்கு இவ்விரண்டாவது சட்டமே பொருளுடையது. நிலமன்றி வேறு சொத்து இல்லாத குடும்பங்கள் பல. 1956 சூன் 17-இல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், விருப்ப ஆவணமின்றி இறந்த ஆண்மகனின் மகன், மகள், மனைவி, தாய் ஆகியோரை முதல்வகை வாரிசுகளாக ஒருங்கு வைத்தது. பெண்ணின் உரிமையை முழுவுரிமையாக்கிற்று. எனினும் பிதிரார்ச்சிதக் கூட்டுச் சொத்தில் பிறப்பால் வரும் பங்கு மகனுக்கே உரியதாய் இருந்தது. தமிழ்நாட்டரசு 1989-இல் இயற்றிய திருத்தத்தால், 1989 மார்ச்சு 25-க்கு முன் மணமாகாத மகளிர்க்கும் அப்பங்கு கிடைத்தது. 2005-ஆம் ஆண்டு நடுவணரசுத் திருத்தம் அதனை எல்லா மகளிர்க்கும் ஆக்கியது. அத்திருத்த நாளில் தந்தை உயிரோடிருந்திருத்தல் வேண்டுமென்பதில்லை என உச்சநீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. கிறித்தவர்க்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும், முசுலிம்களுக்கு அவர்தம் சமயச் சட்டமும் உரியன.

இனி, பாட்டனார் ஒருவர் 1956-ஐ ஒட்டி இறந்தார் எனக் கொள்வோம். அவர் இறந்தது சூன் 17-க்கு முன்னரோ பின்னரோ என்பதைப் பொறுத்து அவர் மகளின் நிலை அடியோடு மாறும். அன்று பதினாறாம் நாள் கருமாதி குறைவறச் செய்திருப்பர். மூத்த மகனுக்கு உருமாக் கட்டியிருப்பர். ஏட்டில் எழுதுவித்தலை மறந்திருப்பர். திதி நினைவில் இருக்கும், ஆண்டு மறந்துபோம். பட்டா பாட்டனார் பெயரிலேயே நிற்கும். பேரர் காலத்தே நிலத்தைப் பிரிக்கப் புகும்போது, இறந்த நாளுக்கு எழுத்துச் சான்று இல்லாமையால் பெண்வழியினர் உரிமை ஐயத்துக்கு இடமாகும். தலைப்பாகை கட்டப்பட்டவனே முழு வாரிசு என ஊர் நம்பும். சட்டமோ அவன் உடன்பிறந்த பெண்ணையும், தாயையும், பாட்டியையும் வாரிசு என்னும். ஊர்ச் சான்று ஒருவனைச் சுட்டுகின்றது. ஏட்டுச் சான்று பலரைக் காக்கின்றது.

இக்காலச் செய்கடன்

பதிவுக்கடனைச் சடங்குக் கடனோடு சேர்த்து எண்ணும் வழக்கம் தோன்றவேண்டும். அதன் முறையை ஈண்டுத் தொகுத்துக் கூறுதல் ஆய்வின் பயனாக அமையும்.

இறப்பு வீட்டில் நேரின், மருத்துவரிடம் இறப்பை உறுதிசெய்து சான்று பெறுதல் முதற்செயல். நோய்க்கு மருத்துவம் பார்த்தவர் இறப்பின் காரணத்தை எழுதித் தருதற்கு அதற்கெனக் கட்டணம் பெறலாகாது. விபத்து, தீ, தற்கொலை, ஐயத்திற்குரிய சாவு ஆகியவற்றில் காவல் நிலையத்தார்க்கு அறிவித்து, அவர்தம் விசாரணையும் உடற்கூறாய்வும் முடியுமுன் உடலை எரித்தலோ புதைத்தலோ கூடாது. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் பரவிய இவ்வட்டாரத்திற்கு இஃது இன்றியமையாத செய்தி. இழப்பீடு பெறுதலும் இவ்வாவணங்களையே சார்ந்தது.

இரண்டாவது, பதிவு. இறந்த 21 நாள்களுக்குள் அறிவித்தல் வேண்டும். மருத்துவமனையில் இறப்பு நேரின் அந்நிலையத்தாரும், வீட்டில் நேரின் குடும்பத் தலைவரோ நெருங்கிய உறவினரோ அறிவிக்கக் கடமைப்பட்டவர். பதிவாளர் ஏழு நாள்களுக்குள் சான்று தருதல் வேண்டுமென 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகின்றது. ஓராண்டு கடந்துவிடின் மாவட்ட நடுவரோ அவரைச் சார்ந்த நடுவரோ ஆணையிட்டாலன்றிப் பதிய இயலாது. பதினாறாம் நாள், சட்டம் தந்த 21 நாள்களுக்குள் அடங்குதல் கருதத்தக்கது. கருமாதிக்கு நாள் குறிக்கும்போதே பதிவுக்கும் நாள் குறித்துக்கொள்ளின் காலம் தவறுதற்கு இடமில்லை. பெயரும் தந்தை அல்லது கணவர் பெயரும் பட்டாவிலும் ஆதாரிலும் உள்ளவாறே எழுதப்படுதல் வேண்டும். எழுத்து மாற்றம் பின்னர்ப் பெரும் இடராகும்.

மூன்றாவது, வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று பெறுதல். திருவேங்கடம் வட்டத்தார்க்கு அவ்வலுவலகம் அவ்வூரிலேயே உள்ளது. மனுவில் மகளிரையும், மணமாகிச் சென்ற பெண்களையும், இறந்தவரின் தாய் இருப்பின் அவரையும் விடாது குறித்தல் வேண்டும். இச்சான்று உறவினை உரைப்பதேயன்றிச் சொத்தின் பங்கைத் தீர்மானிப்பதன்று. வழக்கு எழுமாயின் உரிமையியல் நீதிமன்றமே முடிவு கூறும்.

நான்காவது, இச்சான்றுகளைக் கொண்டு பட்டா மாறுதல், வங்கிக் கணக்கு, காப்பீடு, குடும்ப ஓய்வூதியம், குடும்ப அட்டை ஆகியவற்றில் ஆவன செய்தல். வங்கியில் நியமனதாரராகக் குறிக்கப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் தகுதியுடையவரே; அதனால் மட்டும் அவர் அப்பணத்துக்கு முழுவுரிமையர் ஆகார். இங்கும் உருமாக்கட்டின் குழப்பமே வேறு வடிவில் தோன்றுகின்றது. முன்னிற்பவர் ஒருவர், உரியவர் பலர்.

முடிபு

இதுகாறும் கூறியவாற்றால், இறந்தார்க்குச் செய்யும் கடனில் பொறுப்பேற்றல் என்னும் கூறு தமிழ் மரபில் தொன்றுதொட்டே உண்டென்பதும், நடுகல்லும் உதிரப்பட்டியும் அதனை எழுத்தோடு இணைத்தன என்பதும், பிற்காலத்தே சடங்கு ஊரார் நினைவிலும் உரிமை அலுவலக ஏட்டிலுமாகப் பிரிந்தமையால் பெண்டிர் பங்கு மறைந்தது என்பதும் பெறப்படும். உருமாக்கட்டை விலக்குதல் வேண்டா. அவ்வவையில் மகனோடு மகளையும் மனைவியையும் அமர்த்தி, வாரிசுகள் இவரென உறவினர் அறியக் கூறி, பதிவுச் சான்றையும் வைத்துப் படித்தல் பழைய வழக்கின் கருத்துக்கு மாறாகாது.

கண்ணீரால் நிலம் மெழுகிய புறநானூற்றுப் பெண்ணுக்குச் சுளகளவு இடமே கிடைத்தது. இன்று சட்டம் அவளுக்குப் பங்கினை அளித்திருக்கின்றது. அதனை அவள் கையிற் சேர்ப்பது, இறப்பு நேர்ந்த வீட்டில் மூன்று கிழமைக்குள் எழுதப்படும் ஓர் ஏட்டு வரியே ஆகும்.